பெரட்டுக்களத்துக்கு வந்த முத்திரை

அடுத்த கொழுந்துக் காலத்துக்குள் கர்த்தர் வந்துவிடுவார் என்று நான் முழுசாக நம்பிய வருஷம் அது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வருஷமும் இருந்ததில்லை. இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒழுங்காக சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள ஒரே ஒரு பாறையில்தான். பின்னேரம் வேலை முடிந்ததும் ஓடிப்போய் அதில் உட்கார்ந்துகொள்வேன். கடைசி காலத்தைப் பற்றிய பிரசங்கங்கள் ஒன்று மாற்றி ஒன்றாக ஃபோனில் வரும். எங்கோ யுத்தம், எங்கோ மனிதனைப் போலப் பேசும் கம்ப்யூட்டர், கைத்தோலுக்கு அடியில் வைக்கும் சிப். எல்லாவற்றுக்கும் வேதத்தில் ஒரு வசனம் இருந்தது. டேட்டா முடிந்த நாட்களில் எனக்கு உலகமே முடிந்த மாதிரி இருக்கும்.

தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளை லயம் என்போம், அதில் ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. லயத்தின் கோடிக் காம்பராதான் எங்கள் ஜெபவீடு. பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பாஸ்டர், நாட்டில் தட்டுப்பாடு வந்து பெட்ரோலுக்கு கியூஆர் காட்டச் சொன்ன நாளிலேயே இது வெறும் ஒத்திகைதான் என்று சொல்லியிருந்தார். பிறகு எலக்‌ஷனில் புது ஆட்கள் ஜெயித்து, எல்லாருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் அவர் குரல் இன்னும் ஏறியது. வலது கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை இல்லாதவனால் எதையும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்ற கடைசி கால வசனம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கும். வோட்டுக் கேட்டு வந்தவர்கள் சொன்னது எதுவும் எங்கள் தோட்டத்தில் நடந்ததில்லை. இது ஒன்றாவது சொன்னபடி நடக்கிறதே என்று எனக்கு ஒரு திருப்தி.

அப்போதுதான் விரல் வைக்கும் மெஷின் வந்தது. தினமும் காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்போம். அங்கே கணக்கப்பிள்ளை பேர் எழுதினால்தான் அன்றைய வேலை கணக்கில் சேரும். இனிமேல் கையால் எழுதுவதில்லை, வலது கைப் பெருவிரலை மெஷினில் வைத்தால் பேர் தானாக விழும் என்று அறிவித்தார்கள். விரல் வைக்காதவர்களைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, கூப்பிட்டால் மட்டும் வேலைக்கு வரும் கைக்காசு ஆட்களாக்கி விடுவார்களாம். அப்பா இறந்த பிறகு எங்கள் காம்பரா எங்களிடம் இருந்ததே அம்மாவின் பேர் பதிவில் இருந்ததால்தான்.

அம்மா ஜெபவீட்டில் எழுந்து நின்று, வலது கையை வைக்கமாட்டேன், பேர் போனால் போகட்டும் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதிலிருந்து கொழுந்து பறிக்கும் என் அம்மா விசுவாசத்துக்காகப் பாடுபடப் போகிறாள், அதுவும் என் கண் முன்னால். அன்று இரண்டு முறை பாறைக்கு ஏறி இறங்கினேன்.

பாஸ்டர்தான் கொஞ்சம் ஆடிப்போனார். ஜெபவீட்டுப் பெண்கள் எல்லாரும் பேரை இழந்தால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு. அடுத்த வாரம் வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். வசனத்தில் வலது கை என்றுதானே இருக்கிறது, இடது கையைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றார். வோட்டுப் போடும்போது இடது கை விரலில்தானே மை பூசுகிறார்கள், அதனால் நமக்கு என்ன சேதம் வந்தது என்றும் கேட்டார். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

மெஷினில் விரல்களைப் பதியும் நாள் விடிந்தது. மலைக்குப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில்தான் எனக்கு வேலை, அது பெரட்டுக்களத்துக்கு எதிரேதான். குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். அம்மா இடது பெருவிரலை வைத்தாள். சிவப்பு லைட் எரிந்தது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கர்த்தர் மெஷினையே மறித்துவிட்டார் என்று கத்தப் பார்த்தேன்.

அம்மாவுக்குப் பின்னால் நின்றவர் எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா. அம்மாவும் அவரும் வருஷக்கணக்காக ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவர்கள். மாரியம்மனைக் கும்பிடுகிறவருக்கு எந்தக் கை என்ற கவலையே இல்லை. நெற்றி நிறைய விபூதியோடு வந்து வலது விரலை வைத்தார். அதற்கும் சிவப்பு. அதற்குப் பிறகு வந்த வயதான பெண்கள் எல்லாருக்கும் சிவப்புத்தான். கொழுந்துக் கறையும் வெட்டுக்காயமும் ஏறி, ரேகையெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டிருந்தது. இளசுகளுக்கு மட்டும் பச்சை எரிந்தது. விரல் விழாதவர்களுக்கு இன்றைக்குப் பேர் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

அக்கா அங்கேயே நின்று அம்மாவைப் பார்த்தார்.

"நீ வேணாம்னு நின்ன, ஒன் பேரு போச்சு. நான் வேணும்னுதான தங்கச்சி நின்னேன், எம்பேரு ஏன் போவணும்?"

அம்மாவின் முகம் மாறியது. தன் பேரைக் கொடுக்கத் துணிந்தவளுக்கு, அடுத்தவர் பேர் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நேரே நடந்து கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னால், ஈர மண்ணில் உட்கார்ந்தாள்.

"எம்பேரு போனா போவட்டும்னு நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேங்க. அதனால எனக்குப் பயமில்ல. இந்த அக்கா பேர எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து ஜெபவீட்டுப் பெண்கள், கோயில்காரப் பெண்கள். கடைசியில் பச்சை எரிந்த பிள்ளைகளும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கணக்கப்பிள்ளை தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஃபோன் போட்டார், வியர்த்தார், மறுபடி போட்டார். என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. பாறையில் உட்கார்ந்து நான் பார்த்த எந்தப் பிரசங்கத்திலும் இப்படி ஒன்று நடந்ததில்லை. இடுப்பிலிருந்த குழந்தையும் என்னோடு சேர்ந்து கைதட்டியது.

வெயில் ஏறிய பிறகு, விரல் விழாதவர்களின் பேரைக் கையாலேயே எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. கணக்கப்பிள்ளை முன்னால் இருந்த அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார். அம்மா அக்காவைக் காட்டினாள். அக்காவுக்குப் பிறகு அடுத்தவரை, அதற்கடுத்தவரை என்று ஒவ்வொருவராக அனுப்பினாள். கடைசியாகத்தான் தானே எழுந்து போனாள். பேர் என்ன என்று அவர் கேட்டதும் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. மலைக்குப் போகக் கூடையைத் தூக்கிய அக்கா திரும்பி வந்து, அம்மாவின் பேரைக் களம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.