இழுத்தால் சுதி ஏறுமா, இறங்குமா

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மெஹருன்னிசா டீச்சரின் கணவர் போனில் பேசினார்.

"அண்ணாச்சி, எங்க இருக்கீக?"

"பஸ்ல. உங்க வீட்டுக்குத்தான் வாரேன். டீச்சரைத் தயாரா இருக்கச் சொல்லுங்க. இன்னைக்கு விடமாட்டேன்."

"அவ காலையில மௌத்தாயிட்டா, அண்ணாச்சி."

என் சட்டைப்பையில் நாற்பதாம் நம்பர் பருத்தி நூல் இருந்தது. டீச்சரோடு வாதாட எடுத்துப் போன நூல். இனி அதை யாரிடம் காட்டுவது?

டீச்சரை அறிந்தவர்களுக்கு அவர் வேலை தெரியும். இலையின் புரதங்களுக்குள் உட்கார்ந்திருக்கும் பச்சையத்தின் மேல் லேசரைப் பாய்ச்சுவார். சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்து மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று சொல்வார். ராமன் நிறமாலை என்பது அதுதான்.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். அறிவியலை எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே படித்தேன். எங்கள் ஊரில் அவர் பேசிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். பச்சையத்தின் ஓரத்து ஆக்சிஜனைப் புரதம் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்தால் அதிர்வின் சுதி இறங்கும் என்றார். எழுந்துவிட்டேன்.

"பிடிச்சு இழுத்தா சுதி ஏறத்தானே செய்யும்? எந்த நூலை வேணும்னாலும் தட்டிப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. உக்காருங்க அண்ணாச்சி. ஆனா விட்டுறாதீக."

விடவில்லை. அவருடைய கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கே போனேன். லேசர் பட்டதும் பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. "இதுதானா?" என்றேன்.

"இது கொட்டுமேளம். தேரோட்டக் கூட்டத்துல ஒருத்தன் இன்னொருத்தன் காதுல சொல்றானே, அதைத்தான் நாம கேக்கணும்."

லேசரின் நிறத்தை மாற்றினார், சாற்றைக் குளிரவைத்தார். பொறவுதான் வரைபடத்தில் அந்தச் சின்ன மேடு தெரிந்தது. சுதி இறங்கித்தான் இருந்தது.

"மெஷின் தப்பா இருக்கும்," என்றேன்.

"மோட்டார் சத்தம் மாறினா மோட்டாரைப் பாப்பீகளா, காதைக் குறை சொல்லுவீகளா?"

என் பையிலிருந்த நூலை வாங்கி, முறுக்கைத் தளர்த்திக் கொஞ்சம் பஞ்சை உருவினார். "கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவுல இருக்கிற பிடியில கொஞ்சத்தைப் புரதம் இப்படி உருவிக்கிது. மிச்சப் பிடி தளருது. அம்புட்டுதான்."

"உருவுறது வேற, இழுக்கிறது வேற."

"அப்ப வீட்டுக்கு நூலோட வாங்க. ஒரு கை பாப்போம்."

யோசித்து யோசித்துப் பதில் கண்டுபிடித்திருந்தேன். பஞ்சை உருவினால் நூல் மெலியும். அதே பாரத்தைத் தாங்கும் மெலிந்த நூல் இன்னும் உயர்ந்த சுதியில்தான் அதிரும். இதைச் சொல்லத்தான் பஸ் ஏறினேன். பாதிச் சண்டையில் போய்விட்டாரே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரை, "பச்சையத்தைப் படம் பிடித்தவர்" என்றார். எழுந்து, "படம் இல்ல, அதிர்வு," என்றேன். பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "அண்ணாச்சி, இன்னைக்குமா?"

இன்றைக்கும்தான். அவரைத் தப்பாகச் சொன்னால் என்றைக்கும்தான்.

வரைபடம் அவர் பக்கம். அதை நான் மறுக்கவில்லை. அவர் சொன்ன நூல் உவமை தவறு. அதை நான் விடுவதாகவும் இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நூல்தான். ஜன்னல் கம்பியில் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டுத் தட்டுகிறேன். பஞ்சை உருவி மறுபடி தட்டுகிறேன்.

"டீச்சர், ஏறுது," என்கிறேன்.

என் காதைக் குறை சொல்ல ஆளில்லை.