தோ பாயோ மாட்டுக்கொட்டகைக்குப் போன எச்சில் இலைகள்

எங்கள் கடையின் எச்சில் இலைகளைக் குப்பை லாரிக்குக் கொடுக்காமல் வேறு வழி பண்ண முடியுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். அறுபதுகளின் தொடக்கம், ஒரு திங்கட்கிழமை. ஃபேரர் பார்க் விளையாட்டுத் திடல் பக்கத்துச் சந்தில் நானும் என் கணவர் முத்தையாவும் சாப்பாட்டுக் கடை நடத்தினோம். திடலில் பந்தாட்டம் இருக்கும் ஞாயிறுகளில் மூன்று மணிக்கே தொட்டிகள் நிரம்பி வழியும். மாடியில் இருந்த தையற்காரர் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் தைப்பார்.

இதெல்லாம் எங்கே போகிறது என்று லாரி ஓட்டுநர் கோவிந்தனிடம் ஒருநாள் கேட்டேன். "சதுப்புல கொட்டி மண்ணப் போட்டு மூடுறோம் அக்கா. அதுவும் நெறஞ்சுக்கிட்டே வருதுலா" என்றார். மாடு தின்னும் இலையை ஏன் புதைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நகரத்துக்கு வெளியே, தோட்டமும் குடிசையுமாக இருந்த தோ பாயோவில் செல்லம்மா என்பவர் இரண்டு மாடு வைத்துப் பால் விற்பதாகக் கோவிந்தன்தான் சொன்னார்.

"இலைக்குள்ள என்னென்ன கெடக்குதோ" என்று என் கணவர் இழுத்தார். நான் கேட்கவில்லை.

எங்கள் கடைக்குத் திங்கள் விடுமுறை. கோவிந்தனுக்கும் அன்று ஓய்வு. நண்பரின் வேனை வாங்கி வந்திருந்தார். எண்ணெய்ச் செலவு இரண்டு வெள்ளி. காலை ஏழு மணிக்கு நான்கு கோணி நிறைய இலையோடு நானும் அவரும் கிளம்பினோம். தூரம் இரண்டு மைல்தான், பதினைந்து நிமிடம். கடைசிக் கால் மைல் செம்மண் தடம். முதல்நாள் மழையில் அது சேறாகிக் கிடந்ததால் கோணிகளைச் சுமந்தே போனோம். இருபுறமும் கீரைப் பாத்திகள். என் செருப்பு ஒன்று சேற்றோடு போனது.

செல்லம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். இலையை முகர்ந்து பார்த்தார். "புளிக்கல. போடு தங்கச்சி" என்றார். செவலைப் பசு ஆசையாகத் தின்றது. எனக்கு அப்படி ஒரு பெருமை. வாரா வாரம் அனுப்பலாம் என்று பேச ஆரம்பித்தேன். அதற்குள் பசு தலையை உதறியது. வாயோரம் ரத்தம்.

செல்லம்மா ஒரு கையால் நாக்கை இழுத்துப் பிடித்து, மறு கையை வாய்க்குள் விட்டார். வெளியே வந்தது வளைந்த தகரத் துண்டு, மத்தி மீன் டின்னின் மூடி. சாப்பிட வந்தவர்கள் மேல் பழி போட வழியில்லை. சமையலறையில் அந்த டின்னைத் திறந்து, மூடியை இலைத் தொட்டியிலேயே எறிந்தவள் நான்தான்.

"இது வயித்துக்குள்ள போயிருந்தா மாடு செத்துருக்கும். எடுத்துக்கிட்டுப் போ" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிச்ச இலையைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லை. கோவிந்தன் சதுப்புக்கே வேனை விட்டார். இருபது நிமிடம். பெரிய நாற்றம் இருக்கும் என்று நினைத்துப் போனேன்; நாற்றத்தைவிடப் புகைதான் கண்ணைக் கரித்தது. சிலர் குனிந்து போத்தல்களையும் தகரத்தையும் தனியாகப் பொறுக்கினார்கள். எல்லாம் ஒன்றாய்க் கலந்து ஈரத்தில் ஊறிக் கிடந்ததால் பாதிக்கு மேல் கையில் எடுக்கவே முடியவில்லை. எங்கள் கோணிகளையும் அங்கேயே கவிழ்த்தோம். ஒன்பதரைக்கு வீடு திரும்பினோம்.

அடுத்த திங்கள் இலை இல்லாமல், பிண்ணாக்கு மட்டும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பசு தேறியிருந்தது. "ஒவ்வொரு இலையா நீயே பாத்துக் கொண்டாந்தா வாங்கிக்கிறேன்" என்றார் செல்லம்மா.

அன்றிலிருந்து கடையில் தகரத்துக்கு ஒரு வாளி, இலைக்கு ஒரு வாளி. ஆள் வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. கடைசியில் நானும் கணவரும் ஆளுக்கு ஒரு முக்காலி போட்டு இலைகளை விரித்துப் பார்த்தோம். சோடா மூடி, ஊக்கு, ஒருமுறை ஒரு கம்மல். ஏறக்குறைய இரண்டு வருடம் இலைகள் மாட்டுக்குப் போயின.

பிறகு அந்த நிலம் அடுக்குமாடி வீடுகளுக்காக எடுக்கப்பட்டது. செல்லம்மா மாடுகளை விற்றுவிட்டுத் தோ பாயோவிலேயே ஏழாவது மாடிக்குக் குடிபோனார். சமையலறைச் சுவரில், குப்பையைப் போட்டால் கீழ்த்தளத்துக்கே போய் விழும் குழாயை எனக்குத் திறந்து காட்டினார். "போட்டா போச்சுலா, குனியவே வேணாம்!" அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. என் இலைகள் மறுபடி லாரி ஏறின. தோ பாயோ குப்பையும் அதே சதுப்புக்குத்தான் வருகிறது என்றார் கோவிந்தன், இப்போது லாரி தினம் இரண்டு நடை.

உங்கள் குப்பை போகும் இடத்தைப் பார்க்க நீங்களும் கிளம்பினால், வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். செருப்பு உதவாது, காலை மூடும் கெட்டியான சப்பாத்து வேண்டும். கண் துடைக்க ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். குப்பை கொட்டும் இடத்து மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் உள்ளே போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் சமையலறைத் தொட்டியைத் தரையில் கொட்டி, கையாலேயே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் கிளம்பினேன். அதற்கு ஒரு மாடு ரத்தம் சிந்தியது.