இருநூற்றுப் பதின்மூன்றாவது காகிதம்

பேய் பிசாசு என்றால் எங்கள் வீட்டில் சிரிப்புதான். என் கணவர் ரசாயனம் படித்தவர், நான் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறவள், தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாரையாவது முனி அடித்துவிட்டது என்று ஓடிவந்தால் அவர் முதலில், "என்ன சாப்பிட்டே?" என்றுதான் கேட்பார். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை.

மலாயாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. ரப்பர் பாலைச் சோதிப்பது சம்பளத்துக்கு. ஆசையெல்லாம் நொதிகள் மேல். நொதி ஒரு புரதம், அது மடிந்திருக்கும் விதத்தில்தான் அதன் வேலையே இருக்கிறது என்பார். தையல் நூலைச் சுருட்டிச் சுருட்டி எனக்குக் காட்டுவார். ஜப்பான்காரன் வந்து அரிசி மறைந்து, எல்லாரும் மரவள்ளிக்கிழங்கில் உயிர் வாழத் தொடங்கியபோது, லயத்துப் பிள்ளைகள் சிலர் தின்றதும் வாந்தியெடுத்து மயங்கினார்கள். அன்றிலிருந்து அவர் மரவள்ளியின் நொதியைப் பிடித்துக்கொண்டார்.

கிழங்கைத் துருவி ஊறவைத்தால் நொதி கிழங்கிலுள்ள விஷத்தை உடைத்து ஆவியாக வெளியே விட்டுவிடும். பாத்திரத்துக்கு மேலே, ஜன்னல் ஆணியில், மஞ்சள் மருந்தில் நனைத்த காகிதத் துண்டு ஒன்றை ஈரத்தோடு நூலில் தொங்கவிடுவார். விஷ ஆவி பட்டால் அது செங்கல் நிறமாகும். மஞ்சளாகவே நின்றால் சமைக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எண் போட்டு, பிறகு நோட்டில் ஒட்டிவைப்பார்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாத. பச்சையா கொதிதண்ணியில போட்டா சூட்டுல மடிப்பு குலைஞ்சு நொதி செத்துரும். விஷம் கிழங்குக்குள்ளயே நிக்கும், ஆவி வராது. காகிதம் மஞ்சளா இருக்கேன்னு நம்பிடாத" என்று பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் சிப்பாய்கள் வந்து, வெடிமருந்துக்கு ஆகும் என்று அந்த மஞ்சள் மருந்துப் புட்டியையும் மீதிக் காகிதங்களையும் அள்ளிப்போனார்கள். நோட்டு மட்டும் என்னிடம் மிஞ்சியது. கடைசித் துண்டின் எண் 212.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நண்பகல். இரண்டு நாளாக வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டு வயது மகள் அழக்கூடத் தெம்பில்லாமல் பாயில் கிடந்தாள். பக்கத்து வீட்டு மாரியக்கா கூடை நிறையக் கிழங்கோடு வந்தார். ஆற்றோரம் யாரோ விட்டுப்போன கொல்லையில் தோண்டினாராம்.

"துருவி ஊறவச்சா நாளைக்குத்தான் ஆகும்க்கா" என்றேன்.

"நாளைக்கா? பிள்ளை முகத்தப் பாரு டீச்சரம்மா! நாங்க நாளும் வேகவச்சுத்தான் திங்கிறோம், செத்தா போயிட்டோம்? படிச்சவளுக்குப் பயம் மட்டும் படி படியா இருக்கு லா!"

அவர்கள் தின்றது வீட்டுப் பின்னால் வளர்த்த, விஷம் குறைந்த இனிப்பு மரவள்ளி, இது வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொதிதண்ணீரில் போட்டேன். இன்றும் தூக்கம் வராதபோது அதைத்தான் நினைக்கிறேன்.

வெந்ததை மசித்து, ஆறவைத்து, மகளை மடியில் வைத்து முதல் கவளத்தை எடுத்தேன். கையில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தது. மழை இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் ஆணியில் நூல் கட்டி ஒரு காகிதத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்திருந்தது. செங்கல் சிவப்பு.

கவளத்தைப் போட்டுவிட்டேன். சட்டியோடு சாக்கடையில் கொட்டி, மாரியக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"காயிதம் சொல்லுச்சா? காயிதத்தையே சுருட்டித் திங்கலாமே!" என்று சிரித்தார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, கூடையை ஓரமாக வைத்தார்.

பொழுது சாயும்போது அவருடைய வாத்துகள் இரண்டும் சாக்கடையோரம் கழுத்து நீட்டிக் கிடந்தன.  மாரியக்கா என் மகளைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார், இருட்டும்வரை இறக்கவேயில்லை.

எங்கோ ஒளிந்திருந்த பழைய துண்டை நான் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பழைய துண்டு காய்ந்திருக்கும். அதைவிட, அன்று நான் துருவவில்லை, ஊறவைக்கவில்லை, கொதிதண்ணீரில் போட்டேன். நொதி செத்த கிழங்கு. அவர் சொன்ன கணக்கின்படி அந்தக் காகிதம் சிவந்திருக்கவே கூடாது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாமியார் வீட்டில் காரியம் செய்துவிடச் சொல்கிறார்கள், தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறேன். அந்தத் துண்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் முன்பே பென்சிலால், அவர் போடுகிற மாதிரியே ஒன்றின் தலையில் சின்னக் கொக்கியோடு, 213.