எலுமிச்சைச் செடியின் குடித்தனக்காரி

பக்கவாதத்தில் என் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. திரும்பி வரும் என்றார் டாக்டர். வரும் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து சலித்துப்போனேன். குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், துணி அலச வேண்டும். நான் பேசினால் என் குரல்தான் எனக்குக் கேட்கும்.

காரைக்குடி வெயில் ஏறும்முன் அவளை வீல்சேரில் கொல்லைக்குத் தள்ளிவந்து எலுமிச்சைச் செடியோரம் விடுவேன். அந்தச் செடியில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய சிலந்தி ஒன்று குடியிருந்தது. முள்ளுக்கு முள் நூல் கட்டி, நடுவில் பெருக்கல் குறி போலக் கால்களை வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அவள் கண் அதைவிட்டு அகலாது. வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன். வலை இருந்த பக்கம் இலைகள் முழுசாக இருந்தன. மறுபக்கம் பச்சைப் புழுக்கள் காம்பு வரை தின்றிருந்தன. முட்டையிட வரும் பட்டாம்பூச்சிகளை இது மடக்கிவிடுகிறது போலும். செடி இடம் கொடுக்கிறது, சிலந்தி காவல் இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் ஒருத்தனே எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டுகிறான் என்று எரிச்சலாக வந்தது.

பொங்கலுக்கு ஒட்டடை அடித்துத்தர காளையார்கோவிலிலிருந்து கொழுந்தியாள் வந்தாள். வீட்டை முடித்த கையோடு ஒட்டடைக் கம்பால் செடியையும் ஒரு சுழற்று சுழற்றிவிட்டாள்.

"என்னத்தான், செடியில கூட நூலாம்படைய வளத்து வச்சிருக்கீக! நல்ல நாளும் அதுவுமா வீடு வீடா இருக்க வேணாமா?"

உதவிக்கு வந்தவளை என்ன சொல்ல? மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. இருந்த ஒரு பிடிப்பும் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டைக் கழுவிவிட்டிருந்ததால் வீல்சேர் அன்றிரவு கொல்லையில் செடியோரமே கிடந்தது. காலையில் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்தேன். வெயில் ஏறியதும் உள்ளே தள்ளப் போனேன். அவளுடைய நல்ல கை சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது.

"ந... நகட்டாதீக."

குழறல்தான். ஆனாலும் அவள் குரல். அப்புறம்தான் பார்த்தேன்: முள்ளிலிருந்து வீல்சேரின் கைப்பிடிக்கு ஒரு நூல் ஓடியது. இலைமறைவில் தப்பித்த சிலந்தி மறுபடி கட்டத் தொடங்கியிருந்தது.

குடையை எடுத்துவந்து அவள் தலைக்குமேல் பிடித்தபடி நின்றேன்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றேன்.

சொல்லவில்லை. நேரம் போகப் போகக் கை கடுத்தது. குடை சாய்ந்து அவள் முகத்தில் வெயில் பட்டபோதுதான் மறுபடி வாய் திறந்தாள்.

"இங்குட்டு."