ஜினெட்டும் நானும் அந்த ஆறு க்ளிக்கும்

ஜினெட் இறந்துவிட்டாள். காலையில் அவள் மகள் மான்ட்ரியலின் லாசால் பகுதியிலிருந்து போன் செய்து சொன்னாள்.

இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. எழுபதுகளில் மான்ட்ரியலில் பள்ளியில் என் பக்கத்து இருக்கை. என்னோடு ஒரே துப்பாக்கியைப் பகிர்ந்துகொண்டவள்...

ஆமாம், துப்பாக்கிதான். உங்களில் பலருக்கு இது புதுச் செய்தி. அப்போது என் அப்பா அம்மாவுக்கே தெரியாது. சனிக்கிழமை லைப்ரரி என்று சொல்லிவிட்டு அவளோடு ஷூட்டிங் கிளப்புக்குப் போவேன். பயத்தோடு பஸ் ஏறுவேன், அதே பயத்தோடு இறங்குவேன். குண்டு எங்கெங்கே விழுந்தது என்பதை, தங்கை தூங்கிய பிறகு, கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி வைப்பேன்.

ரைஃபிள் அவள் அப்பாவுடையது. விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த குண்டு வந்து உட்காரும். ஜினெட் இடது கைக்காரி, நான் வலது. லீவர் நடுவில் இருந்ததால் இரண்டு பேருக்கும் தோதாக இருந்தது.

சிக்கல் என் கண்ணில். சோடாபுட்டிக் கண்ணாடி... குறி பார்க்கத் துப்பாக்கியின் பின்னால் ஒரு பள்ளம், குழல் நுனியில் ஒரு குறிமுள், தூரத்தில் இலக்கு. மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்த்தால் மூன்றுமே கலங்கும்.

பக்கத்து ஊரான புவாண்ட்-கிளேரில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். பள்ளத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குப் பக்கத்தில் பொருத்துகிற துளைத் தகடு இருந்தது. பெரிய துளை ஒன்று, சின்னத் துளை ஒன்று.

வெளிச்சம் நிறைய வரும் என்று ஜினெட் பெரியதைக் கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சின்னதன் வழியே பார்த்தேன். எதிர்ச் சுவரில் அடுக்கியிருந்த தூண்டில் பெட்டிகளின் எழுத்து பளிச்சென்று தெரிந்தது! சின்ன வயதில் கண்ணாடி கையில் இல்லாதபோது, விரல்களைக் குவித்து அந்த ஓட்டை வழியே பஸ் நம்பர் படிப்பேன். அதே வித்தை.

அந்தத் துளையை நான் காது என்றேன், ஊசிக்காது மாதிரி. பிரெஞ்சில் அதற்குக் குட்டிக் கண் என்று பெயராம். "உங்க ஊர் ஊசிக்குக் காது கேக்குமா?" என்று பஸ் முழுக்கச் சிரித்தாள்.

பொருத்திய முதல் வாரம் எல்லாக் குண்டும் இலக்குத் தாளுக்கு மேலே பறந்தது. துளை பழைய பள்ளத்தைவிட உயரம். குறிமுள்ளையும் உயரமானதாக மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

துளையின் நடுவில் முள்ளை நிறுத்த ஒரு மாதம் போராடினேன். பிறகு புரிந்தது... துளையைப் பார்க்கவே கூடாது. அதன் வழியே முள்ளை மட்டும் பார்த்தால் போதும், கண் தானாக நடுவுக்கு வந்துவிடும்.

அவள் வைத்த அளவில் நான் சுட்டால் குண்டு உயரே போகும். அதனால் ஆள் மாறும்போதெல்லாம் தகட்டை ஏற்றி இறக்க அதன் திருகைக் காசால் திருப்ப வேண்டும், க்ளிக் க்ளிக்காக. நாங்கள் எண்ணுவதைக் கேட்டுப் பக்கத்துப் பையன்கள் தப்பான எண்களைக் கத்திக் குழப்புவார்கள். அதற்காகவே ஜினெட் தமிழ் கற்றுக்கொண்டாள். பத்து வரை எண்கள், மேல, கீழ. அவ்வளவுதான்.

இலையுதிர் காலப் போட்டி. ஆளுக்கு ஐந்து குண்டு. "ரெண்டு பேரும் சேர்ந்து நூத்துக்கு எண்பத்தஞ்சு. இல்லேன்னா குளிர்காலத்துக்கு உள்ளரங்கில் உங்களுக்கு இடமில்லை" என்று கிளப் மேலாளர் சொல்லியிருந்தார். பையன்களுக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

ஜினெட் நாற்பத்தாறு எடுத்தாள். பிறகு திருகைத் திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டு, காசோடு என் இடப்பக்கம் மண்டியிட்டாள்.

வெள்ளோட்டத்துக்கு இரண்டு குண்டு உண்டு. முதலாவது உயரே போனது. அவசரத்தில் அவள் மூன்று க்ளிக் குறைவாகத் திருப்பியிருந்தாள்.

"மேல! மூணு!" என்றேன்.

க்ளிக், க்ளிக், க்ளிக். இரண்டாவது குண்டு இன்னும் உயரே, தாளின் விளிம்பில்.

மேலே போகிறது என்று நான் சொன்னதை, மேலே ஏற்று என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்! வெள்ளோட்டம் முடிந்துவிட்டது. இனி எல்லாம் கணக்கில் சேரும் குண்டுகள்.

"ஆறு கீழ."

"கீழ? நீ 'மேல'ன்னு சொன்ன!" பதற்றத்தில் பிரெஞ்சுக்குத் தாவிவிட்டாள்.

"மேல போச்சுன்னேன்டி!"

"'போச்சு' நீ சொல்லித் தரல!"

அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பதற்றம் தணிந்தது. ஆறு க்ளிக்கையும் இருவரும் உரக்க எண்ணினோம். சரிபார்க்க வழியில்லை, எண்ணியதை நம்பித்தான் சுட வேண்டும்.

சுட்டேன். பத்து.

ஜினெட் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு ஒன்பது, எட்டு, பத்து, ஒன்பது. நானும் நாற்பத்தாறு! பக்கத்துப் பையன்கள் எண்பத்தொன்று.

மேலாளர் உறுப்பினர் படிவத்தை நீட்டினார். அப்பா கையெழுத்து வேண்டுமாம்...

"நானும் வரேன்" என்றாள் ஜினெட். எங்கள் வீட்டு சோபாவில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். லைப்ரரிப் பொய்யிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அப்பா படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"நூத்துக்கு எவ்வளவு?"

"தொண்ணூத்திரண்டுப்பா."

"மீதி எட்டு எங்க போச்சு?"

"அவ நாலு, நான் நாலு."

அப்பா பேனாவைத் திறந்தார். "அடுத்த தடவை என்கிட்ட சொல்லிட்டுப் போ. பஸ்ல வேணாம், நான் கொண்டு விடறேன்."

அவர் என்ன சொன்னார் என்று ஜினெட்டுக்குப் புரியவில்லை. கையெழுத்து புரிந்தது. சோபாவில் ஏறி நின்று கத்தினாள்.

போய் வா, ஜினெட். நாம ஜெயிச்சோம்டி.