தட்டிப் பார்க்காத கல்

1. என் சுவர்

நான் எட்டாவதோடு நின்றவன். கல்குவாரியில் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கி, வெடி வைக்கக் குழி போட்டே ஆளானவன். சிவகாசியில் மூடிக்கிடந்த ஒரு பிரஸ் கொட்டகையை வாங்கி, நானே வெல்டிங் வைத்து, பிளைவுட் ஏற்றி, பிளாஸ்டிக் பிடிகளைப் போல்ட் போட்டு முடுக்கி, ஏறிப் பழகுகிற சுவர் ஒன்று கட்டினேன். ஒரு இன்ஜினியரையும் கிட்டே விடவில்லை. மதுரையிலிருந்து பார்க்க வந்தவர்கள் யார் டிசைன் என்று கேட்டார்கள். என் மண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

அந்தச் சுவரில் முருகேசன் மாதிரி ஏறினவன் கிடையாது. நாற்பது வயது, விஸ்வநத்தத்துக்காரன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் ஆள். குழாயில் வெடிமருந்து அடைக்கிற வேலை. தூங்குகிற பிள்ளையைத் தொடுவதுபோலப் பிடியில் கை வைப்பான். வெளியூர் ஆட்களைப் பாறைக்குக் கூட்டிப்போக எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. குவாரிப் பாறையில் முன்னால் ஏறி, உச்சியில் கயிற்றை மாட்டிவிட்டு இறங்கினால் வேலை உனக்குத்தான் என்றேன். மருந்து ரூமை விட்டு வெளியே வர அவனுக்கு வேறு வழி இல்லை. மருந்து வெடித்து, கூட வேலை பார்த்தவர்களில் சிலரை அவன் துணியில் கட்டித் தூக்கியிருக்கிறான்.

2. குவாரி

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த சமயம். வெம்பக்கோட்டைப் பக்கம் வேலை நின்றுபோன குவாரி அது. பாறையில் ஏற ஏறக் கயிறு மாட்டுகிற போல்ட் எல்லாம் நான் அடித்தவை. கீழே கயிறு பிடிக்க முருகேசனின் மச்சினன் செல்வம் வந்தான். பெண்டாட்டியின் தம்பி, பிரஸ்ஸில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவன்.

நான் முருகேசனிடம் சொன்னேன்: “ஏலே, சுவத்துல ஒவ்வொரு பிடியும் நான் முடுக்குனது. இங்கன வெடி வச்சு ஒடச்ச பாறை. உள்ள எம்புட்டுப் பிளந்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. ஓங்கித் தட்டிப் பாரு. கணீர்னா பிடி. பொத்துன்னு கேட்டா தொடாத.”

தலையாட்டினான். முதல் கல்லை விரல் நுனியால் தட்டினான்.

“மச்சான், அதுக்குக் கதவு தெறக்காது. ஓங்கிக் குத்துங்க” என்று செல்வம் சிரித்தான்.

“நீ கயித்தப் பிடிச்சுட்டுத் தூங்காம இரு மாப்ள, அது போதும்.”

பாதி உயரம் வரை நான் கத்தக் கத்தத் தட்டினான். அதற்கு மேல் கை சோர்ந்துவிட்டது. சோர்ந்த கை பழகினதைத்தான் செய்யும். இருபது வருஷமாக அந்தக் கைக்கு மருந்து ரூம் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: தட்டாதே, தேய்க்காதே, கீழே போடாதே. நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் உள்ளங்கையை மெதுவாக வைத்தான். அப்படியே உடம்புப் பாரத்தை அதில் கொடுத்தான்.

அம்மி அளவு கல் கழன்று வந்தது.

செல்வத்தை நான் ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தேன். ஆனால் கல் நடுவில் ஒரு திட்டில் பட்டுத் திரும்பி, அவன் இடது தோளில் இறங்கியது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேலே முருகேசன் அந்தரத்தில் தொங்கினான். நான் அடித்த போல்ட் அசையவில்லை. செல்வத்தின் வலது கையும் கயிற்றை விடவில்லை. நான் கயிற்றை வாங்கப்போனால் விரல் பிரியவில்லை.

“விடு தம்பி, நான் பிடிச்சுட்டேன்.”

“மச்சான் எறங்கிட்டாகளா?” என்றுதான் கேட்டான்.

3. விஸ்வநத்தம்

செல்வத்தின் உயிர் தப்பியது. இடது கை தப்பவில்லை, தோளோடு எடுத்துவிட்டார்கள். ஆப்செட் மிஷினுக்கு இரண்டு கையும் வேண்டும். அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு.

சீசன் வேலை தொடங்கியதும் முருகேசன் மருந்து ரூமுக்கே போய்விட்டான் என்று கேள்விப்பட்டு, அவன் வீட்டுக்குப் போனேன். நான் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கிறவன் அல்ல. வேலை இன்னும் உனக்குத்தான் வைத்திருக்கிறேன் என்றேன்.

“இல்ல அண்ணாச்சி. இப்ப ரெண்டு வீடு சாப்பிடணும். மருந்து ரூம்ல என் கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். ஒங்க கல்லுல தெரியல.”

அவன் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, “இனிமே இங்கன வராதீக” என்றாள்.

இப்போது யார் பாறைக்கு வந்தாலும், சுவரில் எவ்வளவு ஏறுவாய் என்று நான் கேட்பதில்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்றுதான் கேட்கிறேன். மருந்து ரூம் ஆள் என்றால் கயிறு கட்டும் முன்னே குவாரித் தரையில் உட்காரவைத்து, சுத்தியலைக் கொடுத்துக் கல்லை அடிக்கச் சொல்கிறேன். ஓங்கின கை பாதியில் தானாக நின்றுவிடுகிறது. சிரித்துக்கொண்டே மறுபடி ஓங்குகிறார்கள், மறுபடியும் நிற்கிறது. சுத்தியல் கல்லில் இறங்கிச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் அவர்களை மேலே ஏற்றுவதில்லை.