காலை எட்டு மணிக்கு இனிக்கும் கிணறு

கடலோரக் கிணற்றின் உப்பளவை முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அலுவலக மேசைக்கு அனுப்பும் கருவியைத் தேர்ந்தெடுப்பது தொழிலாக அமைந்துவிட்டால், அந்தக் கருவி ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் நம்மைச் சோதித்துப் பார்க்கும்.

கையெழுத்திட்டு நிறுத்திய பெட்டி பேசுமா, ஊமையாகிவிடுமா என்று கணினித் திரையைப் பார்த்தபடி மதிய உணவை ஆறவிட்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் டேட்டா லாகர் என்று அழைப்பது ஒரு பெட்டி. கிணற்றுக்குள் தொங்கும் உணரி நீரின் உப்பை அளக்கும். மேலே இருக்கும் பெட்டி அதைக் குறித்துக்கொண்டு, கைப்பேசிக் கோபுரத்தின் வழியாக எங்களுக்கு அனுப்பும். அனுப்ப வேண்டும்.

விதி என்னுடையது

தொண்ணூறுகளின் இறுதியில், செங்கல்பட்டில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் ஓர் அலுவலகத்தில் நீர் ஆய்வாளராகச் சேர்ந்தேன். புதுப்பட்டினத்திற்குத் தெற்கே இருந்த ஒரு மீனவர் குப்பம் என் பொறுப்பில் வந்தது. குப்பத்திற்கு ஒரே கிணறு. அதன் நீரை மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித்தான் அனைவரும் குடித்தார்கள். மாதம் ஒருமுறை உப்பளவு பார்த்து, ‘குடிக்கத் தக்கது’ என்று சான்றெழுதுவது என் பணி.

எனக்கு முன்னிருந்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கோர் ஆழத்தில் அளந்து வைத்திருந்தார்கள். ஒரு மாத அளவை மறு மாதத்தோடு ஒப்பிட வழியில்லை. வேதியியலோடு தமிழ் இலக்கணமும் ஆண்டுக்கணக்கில் பயின்றவளுக்கு இந்த ஒழுங்கின்மை பொறுக்கவில்லை. காலை எட்டு மணி, நீர்மட்டத்திற்குக் கீழே ஒரு மீட்டர், மூன்று முறை அளவு என்று விதி வகுத்து அலுவலகச் சுவரில் ஒட்டினேன். மூன்று ஆண்டுகள் அது ஒருமுறைகூடப் பிசகவில்லை.

மோட்டாரை இயக்கியவர் அஞ்சலை என்னும் ஊராட்சிப் பணியாளர்; நாற்பது வயதிருக்கும். நண்பகலுக்குப் பின் தண்ணீர் கரிக்கிறது, உலைக்கு உப்பே போட வேண்டியதில்லை என்று மாதந்தோறும் சொல்வார். நானும் மாதந்தோறும் என் அளவுக் குறிப்பை அவரிடம் காட்டுவேன். ஒரு நாள் அவர் குறிப்பைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“எட்டு மணிக்கு நல்லாத்தான் மேடம் கீது. நாங்க இன்னா எட்டு மணிக்கு மட்டுமா குடிக்கிறோம்?”

இருபத்தேழு கேள்விகள்

குப்பத்தார் மேற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிப் புதுக் கிணறு கேட்டு மனுக் கொடுத்தார்கள். பழைய கிணற்றில் உப்பு ஏறுவது நிறுவப்பட்டால் புதுக் கிணறு கிடைக்கும்; இல்லையேல் மார்ச் முடிவில் கோப்பு மூடப்படும். கோப்பிலிருந்த சான்றுகளோ என்னுடையவை. முப்பத்தாறும் ‘குடிக்கத் தக்கது’ என்றே கூறின.

அந்த ஆண்டில்தான் கடலோரக் கிணறுகளுக்கு டேட்டா லாகர் வாங்கும் பணியும் என்னிடம் வந்தது. இரண்டு நிறுவனங்கள் தலைக்கு ஒரு பெட்டியைச் சோதனைக்குத் தர முன்வந்தன. ஒன்று வெளிநாட்டுப் பெட்டி, மற்றொன்று உள்நாட்டுப் பெட்டி. “ரெண்டையும் அந்தக் குப்பத்துக் கிணத்துலயே போடுங்கம்மா. மனுவுக்கும் பதில் கிடைச்சிடும்” என்றார் எங்கள் செயற்பொறியாளர். எந்தப் பெட்டி நம்பத் தக்கது, அந்தக் கிணறு குடிக்கத் தக்கதா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் மார்ச் முடிவதற்குள் நான் விடை எழுத வேண்டும்.

வெளிநாட்டுப் பெட்டியின் விற்பனையாளர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் வந்து நின்றார். இரண்டு நிறுவனங்களிடமும் கேட்க நான் இருபத்தேழு கேள்விகளைத் தட்டச்சு செய்து எடுத்துச் சென்றிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. உறைநிலைக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலும் பெட்டி வேலை செய்யும் என்று அவர் பெருமையோடு முடித்தபோது, எங்கள் களப் பணியாளர் முருகேசன் மோட்டார் அறையின் கதவுப் பூட்டை விரலால் தேய்த்து, துருப் படிந்த அவ்விரலை அவர் முன் நீட்டினார்.

“குளிரெல்லாம் இருக்கட்டும் சார். இந்தப் பூட்டு தீவாளிக்குத்தான் வாங்கினது. இந்தக் காத்துக்கு உங்க பொட்டி இன்னா சொல்லும்?”

கோபுரம் கிடைக்கும் இடம்

பெட்டிகளைப் பொருத்திய அன்று கிணற்றடியில் கைப்பேசி அலை இல்லை. முருகேசன் மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் பாதி ஏறினார், இல்லை. உச்சிக்கு ஏறினார், வந்தது, போயிற்று. நான் கீழே நின்று திசைவாரியாகக் கட்டம் கட்டிக் குறித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, இக்கிணற்றில் பெட்டி வைக்க இயலாது என்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்படி எழுதினால் மனுவும் அத்தோடு முடிந்தது.

அதுவரை மோட்டார் அறை நிழலில் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை எழுந்து, கிணற்றுக்குக் கிழக்கே கவிழ்த்துக் கிடந்த உடைந்த படகின் மீது ஏறி நின்றார். தம் கைப்பேசியை எடுத்து ஐஸ் லாரிக்காரரோடு சத்தமாகப் பேசி முடித்தார். ஆன்டெனாவை அப்படகின் முன்முனையான அணியத்தில் கட்டினோம். இரண்டு பெட்டிகளும் அந்நொடியே பேசின.

“ஊரே இது மேல ஏறித்தான் பேசுது. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?”

சுத்தமான தட்டு

மூன்றாம் வாரத்தில் இரண்டு பெட்டிகளும் ஒரே நாளில் ஊமையாயின. திரையில் வெற்று வரிகள். மார்ச் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்; பெட்டியில் குறை இருக்க வாய்ப்பே இல்லை என்றார். பேருந்துக்குக் காத்திராமல் முருகேசனின் வண்டியிலேயே புறப்பட்டேன். திருடு போயிருக்குமோ, கடல் ஏறியிருக்குமோ என்று வழியெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நான் எண்ணாத ஒன்று நடந்திருந்தது.

மின்கலத்திற்கு மின்சாரம் தரும் இரண்டு சூரியத் தகடுகளின் மீதும் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. வரிசை பிசகாமல், ஒன்றன்மேல் ஒன்று படாமல், நான் அடுக்கியிருந்தால்கூட அவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது. வெயில் தகட்டைத் தொடவே இல்லை. திறந்து பார்த்தபோது வெளிநாட்டுப் பெட்டி மின்சாரம் போனதும் தன் நினைவையும் இழந்திருந்தது. அவ்வார அளவுகள் போயின. உள்நாட்டுப் பெட்டி, இறுதித் துளி மின்சாரம் வரை குறித்த அனைத்தையும் காத்து வைத்திருந்தது.

நான் கோபத்தோடு பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது, மீன் காயவைத்த பெண் கூடையோடு வந்து, மிக மரியாதையாகவே சொன்னார்.

“சூடா, சுத்தமா, நாய்க்கு எட்டாம ரெண்டு தட்டு வச்சிட்டுப் போனீங்க. எங்களுக்கோசரம்னு நெனச்சிகினோம்மா.”

ஒரு நாளைக்கு ஓர் எண்

தகடுகளைத் துடைத்து உயரத்தில் பொருத்திய பின் வெளிநாட்டுப் பெட்டி அழகான அறிக்கை அனுப்பியது. ஒரு நாளைக்கு ஓர் எண், அந்நாளின் சராசரி. பத்து நாள்களுக்குப் பத்து எண்கள், வண்ண வரைபடத்துடன். எல்லாம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தன. விற்பனையாளர் அதைச் செயற்பொறியாளரின் மேசையில் விரித்து வைத்தார்.

உள்நாட்டுப் பெட்டியோ கால் மணிக்கு ஒருமுறை அளந்ததை அப்படியே அனுப்பியது. ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு வரிகள். அவற்றை அச்சிட்ட தாள் என் மேசையிலிருந்து இறங்கித் தரையில் மடிந்து கிடந்தது. வரிவரியாகப் படித்தேன். காலை எட்டு மணிக்கு என் சான்று சொன்ன அதே அளவு. பதினொன்றிலிருந்து எண்கள் ஏறத் தொடங்கின. இரண்டரைக்கு வரம்பைத் தாண்டின. மாலை வரை தாண்டியே நின்று, இரவில் இறங்கி, விடியலில் மீண்டும் இனித்தன. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பகலின் உப்பை இரவின் நன்னீரோடு கலந்து, சராசரி அதை மறைத்திருந்தது. என் எட்டு மணியும் மூன்றாண்டுகளாக அதையேதான் செய்து வந்திருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டால் என் முப்பத்தாறு சான்றுகளும் பிழையற்றவையாக நிற்கும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்து, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் வரை இருந்தது. பிறகு தாளை எடுத்துக்கொண்டு செயற்பொறியாளரின் அறைக்குச் சென்றேன். அவர் இரண்டு அறிக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். விலை குறைந்த உள்நாட்டுப் பெட்டி தவறாகவும் அளக்கலாம் அல்லவா என்றார் அங்கிருந்த விற்பனையாளர். அது முறையான ஐயம்தான். கையடக்க அளவியைக் கொண்டு நேரில் பார்ப்பது ஒன்றே வழி. செயற்பொறியாளர் நாள்காட்டியைப் பார்த்தார்.

“இருபத்தொன்பதாம் தேதி நானே வரேன்மா. நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். அதுக்குள்ள உப்பு வந்தா வந்தது. இல்லேன்னா ஃபைலை மூடிடலாம்.”

நான்கு மணிக்குள்

உள்நாட்டுப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. உப்பு வரம்பைத் தொட்டால் நாம் கொடுத்த எண்ணைத் தானே அழைக்கும். அஞ்சலையின் எண்ணைப் பதிந்திருந்தேன்.

அன்று பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. அரை கிலோமீட்டர் வடக்கே இருந்த கடற்கரை விடுதியின் ஆழ்துளைப் பம்புகளும் நின்றன. அவை நாள்தோறும் பகலில் இழுப்பதால்தான் கடல் உள்ளே வருகிறது என்பது அஞ்சலையின் கணிப்பு. தொண்ணூற்றாறு வரிகளைப் பார்த்த பின் என்னுடையதும் அதுவே. பம்பு ஓடாவிட்டால் உப்பு வராது. உப்பு வராவிட்டால் புதுக் கிணறு இல்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. குப்பத்துப் பெண்கள் குடங்களோடு சுற்றி நின்றார்கள். “என்னிக்கும் இல்லாம இன்னிக்குப் பார்த்து” என்று முருகேசன் முனகினார். ஒன்றேகாலுக்கு விடுதியின் பக்கம் ஜெனரேட்டர் உறுமி, கரும்புகை எழுந்தது.

இரண்டரைக்கு அளந்தேன்; வரம்புக்குக் கீழே. மூன்றுக்கும் கீழே. மூன்றரைக்கு வரம்பை நெருங்கி, அதற்குச் சற்றே கீழே. என் விதிப்படி மூன்று முறை அளந்தேன், மூன்றும் ஒத்திருந்தன. செயற்பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்திருப்பார். அஞ்சலையின் இடுப்பிலிருந்த கைப்பேசி ஒலித்தது.

“வந்துச்சி!” என்று கத்தினார் அஞ்சலை.

செயற்பொறியாளர் திரும்பி வந்தார். அளவியை அவர் கையிலேயே கொடுத்தேன். வரம்பைத் தாண்டியிருந்தது. கால் மணி கழித்து மேலும் தாண்டியது. அஞ்சலை காலையில் பிடித்து வைத்த தண்ணீரை ஒரு தம்ளரிலும், அப்போது இறைத்ததை மற்றொன்றிலும் நீட்டினார். செயற்பொறியாளர் இரண்டையும் வாயில் வைத்துப் பார்த்தார். இரண்டாவதை விழுங்கவில்லை.

அன்று மாலையே கோப்பில் எழுதினேன். உள்நாட்டுப் பெட்டியைப் பரிந்துரைத்தேன். அதன் கீழே, என் மூன்றாண்டுச் சான்றுகள் அனைத்தும் காலை எட்டு மணிக்கு மட்டுமே பொருந்தும்; எட்டு மணி விதியை வகுத்தவள் நானே; அதனால் நேர்ந்த பிழையும் என்னுடையதே என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செயற்பொறியாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வேற யாராவது இந்த எட்டு மணி விதியைப் போட்டிருந்தா, இதைவிடக் கடுமையா எழுதியிருப்பீங்க, இல்லம்மா?”

ஏற்கப்படாத அழைப்பு

கோப்பு மூடப்படவில்லை. புதுக் கிணறு மறு ஆண்டு வெட்டப்பட்டது. அதுவரை பெட்டி அழைக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால், அலுவலகப் பதிவேட்டில் நாள்தோறும் ‘அழைப்பு ஏற்கப்படவில்லை’ என்றே வந்துகொண்டிருந்தது. நாற்பது நாள், நாற்பது அழைப்பு, ஒன்றைக்கூட அஞ்சலை எடுக்கவில்லை. குப்பம் முழுவதும் உப்பு நீரைக் குடிக்கிறதே என்று பதறி ஓடினேன். மோட்டார் நின்றிருந்தது. தொட்டி நீரைச் சுவைத்தேன், இனித்தது. பிறகு ஏன் ஒரு நாளும் கைப்பேசியை எடுப்பதில்லை என்று கேட்டேன். வரும் அழைப்பை எடுத்தாலும் காசு பிடித்த காலம் அது. அஞ்சலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எடுத்தா காசு போவும் மேடம். உப்புன்னு சொல்ல ஒரு ரிங்கு போதாதா?”

நான் இருபத்தேழு கேள்விகள் கேட்டுத் தேர்ந்தெடுத்த கருவி சில வாரங்களில் கண்டுபிடித்ததை, அஞ்சலை மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவந்து, ஒரே கேள்வியில் என்னிடம் கேட்டும்விட்டிருந்தார் என்பதே இத்தொழிலில் நான் முறையாகப் பதிவுசெய்யத் தவறிய முதல் அளவு.